ஹைவே வண்டியும் ஆட்டுக்கிடையும்

2008 செப்டம்பர் 6, சனி

காலையில் மேகம். பத்து மணிக்குமேல் பழைய வெயில். வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

225 சி.சி. நான்கு வருடம் ஓடியது. கருஞ்சிவப்பு. முன்பக்கம் பாதி உடம்பை மூடிய பிளாஸ்டிக் கவசம், காற்றைக் கிழித்துக்கொண்டு தூரதூரமாகப் போவதற்கு. சிவகாசியில் பட்டாசுத் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவர் மகனுக்கு வாங்கிக் கொடுத்தது. மகன் சென்னைக்குப் படிக்கப் போய்விட்டான். வாசலில் இந்த வண்டி நின்றாலே நெஞ்சு படபடக்கிறது என்று அவர் மனைவி விற்கச் சொல்லிவிட்டாராம். வண்டி யாருக்கு என்று விற்றவர் என்னிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் எனக்குத்தான் என்றேன். நான்காவது தடவை பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். இவரும் என்னையே கைகாட்டினார்.

இவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்ட வராது. சைக்கிளோடு நிறுத்திக்கொண்ட கணக்கு வாத்தியார். வழியெல்லாம் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். ரயில்வே கேட்டில் நின்றபோது இவர் கால்கள்தான் தரையில் ஊன்றி வண்டியைத் தாங்கின. என் கால் எட்டவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் ஒரு குரல்: "வாத்தியாரு பின்னால உக்காந்து வாராரு பாருல." இவர் கேளாதவர்போல இருந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "முன்னால இருக்கவந்தான் ரோட்டப் பாக்கணும். பின்னால சொகமாத்தான் இருக்கு."

எதற்கு இந்த வண்டி? எழுதி வைக்கிறேன். மொபெட் செத்து ஒரு மாதம். நான் கால்நடை ஆய்வாளர். பஸ் போகாத இடத்தில்தான் ஆடு இருக்கிறது. போன வாரம் கால்நடை மருந்தகத்தில் டாக்டர் நயமாகச் சொன்னார்: காட்டில் கிடை போட்டிருப்பவர்களை இன்னொரு ஆய்வாளருக்கு மாற்றிவிடலாம், எனக்கு ரோட்டோர ஊர்கள் போதும் என்று. அந்த இன்னொருவர் ரோட்டில் நின்றே கிடையைப் பார்க்கிறவர். தீபாவளி வரை தவணை கேட்டிருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரியில் படித்த காலத்திலிருந்து இப்படி ஒரு வண்டி மேல் ஆசை. வயது முப்பத்தாறு. யாரிடமும் சொன்னதில்லை.

செப். 7, ஞாயிறு

விழுந்தேன். ஓடும்போது இல்லை, நிற்கும்போது. தெருமுனையில் பால்காரர் குறுக்கே வந்தார். பிரேக் பிடித்து வலதுகாலை இறக்கினேன். கால் போய்க்கொண்டே இருந்தது, தரை வரவில்லை. நூற்றைம்பது கிலோ வண்டி. தூக்க மூன்று பேர். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "இதுக்குத்தான் சொல்லுதது" என்றார். எப்போது சொன்னார், என்ன சொன்னார், தெரியாது.

முழங்காலில் சிராய்ப்பு. டேங்கில் ஒரு கோடு. டேங்கைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

மாற்ற வேண்டியவை:
சீட் உயரம்.
ஹேண்டில். குனிந்து குனிந்து இடுப்பு போகிறது.
தடுப்பூசிப் பெட்டிக்கு இடம்.
முன் மட்கார்டு. டயரை ஒட்டி இருக்கிறது. கரிசல் அப்பினால் சக்கரம் சுற்றாது.
துப்பட்டா ஆகாது, செயினில் மாட்டும். (அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.)
விழாமல் நிற்பது.

செப். 9, செவ்வாய்

எட்டயபுரம் ரோட்டில் பால்பாண்டி அண்ணாச்சியின் பட்டறை. வண்டியைக் கண்டதும் கையைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். கண்ணை மூடி இன்ஜின் சத்தம் கேட்டார். நான் பட்டியலை நீட்டும்வரை எல்லாம் நன்றாகப் போனது.

"இது ரோட்டுக்குன்னே பொறந்த வண்டி தாயி. இதப் போயி அறுக்கச் சொல்லுதீயளே."

காட்டுக்குப் போக வேறு வண்டி வாங்கியிருக்கலாமே என்று கேட்டார். நியாயமான கேள்வி. சொன்னேன்: ரோட்டில் நாற்பது கி.மீ., மண்ணில் நாலு கி.மீ. தடுப்பூசி மருந்து ஐஸில்தான் உயிரோடு இருக்கும். உருகுவதற்குள் ரோட்டைக் கடக்க வேகம் வேண்டும், அப்புறம் மண்ணில் இறங்கவும் வேண்டும்.

அதற்கும் அவர் மசியவில்லை. மாடத்தி கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கடம்பூருக்குக் கிழக்கே மாடத்தி கிடை. போன ஐப்பசிக்கு முன்பே அந்த ஆடுகளுக்கு நான் ஊசி போட்டிருக்க வேண்டும். மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டேன். வெக்கை நோய் விழுந்துவிட்டது என்று தகவல் வந்த அன்றைக்கும் மழை. மொபெட் ஓடைக்கு இந்தப் பக்கமே சேற்றில் நின்றுவிட்டது. திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் போனபோது எனக்கு மிச்சமிருந்த வேலை செத்ததை எண்ணுவது. மாடத்தி ஒவ்வொன்றாகக் கைகாட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். நான் பின்னால் எழுதிக்கொண்டே போனேன்.

அண்ணாச்சி ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "சாவியக் குடுங்க."

செப். 14, ஞாயிறு

வண்டி திரும்பி வந்தது. சீட் கடைக்காரர் குஷனைச் செதுக்கி இரண்டு இஞ்ச் குறைத்திருக்கிறார். முன் ஃபோர்க்கும் கொஞ்சம் இறக்கம். இரண்டு கால்களின் முன்பாதமும் தரையில். ஹேண்டிலைக் கழற்றிவிட்டு உயரமான பழைய ஹேண்டில் ஒன்று, பட்டை வைத்துப் பற்றவைத்தது. பின்னால் பெரிய பல்சக்கரம். வேகம் சற்றுக் குறையும், இழுவை கூடும். முன் மட்கார்டில் இன்னும் கைவைக்கவில்லை, மழை வந்தால் பார்க்கலாமாம். அண்ணாச்சி கவசத்தை மட்டும் அறுக்கவில்லை. கீழ்த் துண்டுகளைத் திருகு கழற்றி எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, பரணில் வைத்துவிட்டார். என்றாவது ஒருநாள் திரும்ப மாட்டிக்கொள்ளலாமாம்.

மாலையில் புது நாலுவழிச் சாலையில் வேலை முடிந்த துண்டு. நான் மட்டும். முதலில் அறுபது. பிறகு எண்பது. இரண்டு பக்கமும் காய்ந்த கருப்புக் காடு, ரோடு மட்டும் வெளுப்பாக நீண்டு கிடந்தது. நூற்று நான்கு. வாய் தானாகத் திறந்து ஏதோ கத்தியிருக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் எனக்கே கேட்டது.

இவரிடம் காய்கறிக் கடைக்கு என்று சொல்லியிருந்தேன். காய்கறி வாங்கவில்லை. நோட்டுத் திருத்திக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்: "எத்தன போச்சு?"

உண்மையைச் சொன்னேன். சிவப்பு மையால் நோட்டு ஓரத்தில் 104 என்று எழுதிவிட்டு, அது யாரோ பையனின் நோட்டு என்று தெரிந்து பதறி அந்த எண்ணை அடித்தார்.

செப். 17, புதன்

என் முட்டாள்தனம். பெட்டிக்குக் கம்பிக்கூடு அடித்தது வலப்பக்கம். சைலன்ஸரும் வலப்பக்கம். புதியம்புத்தூர் பக்கம் போய்ப் பெட்டியைத் திறந்தால் ஐஸ் எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீர். இரண்டு பாட்டில் மருந்து வீண். வரிசையாக ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடம், இன்று இல்லை, நாளை வருகிறேன் என்றேன். முனகிக்கொண்டே கலைந்தார்கள்.

சூடான மருந்தைப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் வந்தது. எழுதி வைக்கிறேன், வந்தது என்று.

டாக்டரிடம் நானே சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் ஃபிரிட்ஜைத் திறந்து வேறு இரண்டு பாட்டில் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டார். கூடு இடப்பக்கம் மாறியது, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து.

செப். 20, சனி

வெயில் கொளுத்தியது. காடு முழுக்க வெடிப்பு. மாடத்தி கிடைக்குப் போனேன், ஊசி இல்லாமல், கேட்பதற்கு மட்டும். காய்ந்த மண்ணில் வண்டி குதித்துக் குதித்துப் போய்ச் சேர்ந்தது.

மாடத்திக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். செத்தது போக மிச்சத்தோடு மறுபடி வளர்த்துக் கிடையை நிரப்பியிருக்கிறார். நூற்றெழுபது உருப்படி. வண்டியை மேலும் கீழும் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. பாதி ஆடு சினை, ஊசி போட்டால் கலைந்துவிடும் என்றார். கலையாது, பதமாகப் பிடித்துப் போடுவேன் என்றேன். காதில் வாங்கவில்லை.

கிளம்பும்போது கம்பை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "காஞ்ச மண்ணுல எல்லாரும்தான் வாராவ. மழையில வாங்க ஊசிக்காரம்மா. அப்பம் பாப்போம்."

திரும்பும்போது வேகம் போகத் தோன்றவில்லை. கோபமும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் உட்காரச் சொல்லியிருப்பேனா?

அக். 2, வியாழன்

விடுமுறை. நேற்றிரவு நல்ல மழை, முதல் மழை. இடைசெவல் பக்கம் ஒரு பருத்திக் காட்டு ஓரமாக இறக்கிப் பார்த்தேன். ஒத்திகை.

நூறடி. அவ்வளவுதான். மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, முன்சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டது. சக்கரம் நின்றபடியே வழுக்கிப் போனது. கரிசல் நனைந்தால் செருப்பைக்கூட விடாது, வண்டியை விடுமா? உளுந்து விதைக்க வந்த இரண்டு பேர் குச்சியால் நோண்டி நோண்டி எடுத்தார்கள். ஒருவர், "டிராக்டர் எதும் வாங்கலயா" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

நேராகப் பட்டறைக்கு. அண்ணாச்சி சேற்று வண்டியைப் பார்த்ததும் இந்த முறை கோபப்படவில்லை. மண்ணை ஒரு விரலால் எடுத்து உருட்டிப் பார்த்தார். மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வாங்க, போய்ப் பார்ப்போம் என்று தானே ஓட்டிக்கொண்டு திரும்பவும் அதே காட்டுக்குப் போனார். நான் பஸ்ஸில். வண்டி ஓடியது. ஆனால் மட்கார்டு இல்லாததால் மண் முழுக்க அவர் முகத்தில். கண் மட்டும் வெள்ளையாகத் தெரிய நின்று சொன்னார்: "சக்கரம் சுத்துது. ஆளுதான் தெரியமாட்டேங்கு."

அக். 5, ஞாயிறு

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஃபோர்க்கின் மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார், கொக்கு மூக்கு மாதிரி. பின்னால் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். வண்டி இப்போது எந்த ஜாதியிலும் சேராது. அண்ணாச்சி தள்ளி நின்று பார்த்து, அசிங்கமாத்தான் இருக்கு என்றார். சொன்ன விதத்தில் பெருமை.

சுடிதாருக்குமேல் போட இவருடைய பழைய முழுக்கைச் சட்டை. நன்றாகப் பொருந்துகிறது.

அக். 10, வெள்ளி

மதியத்திலிருந்து மழை. விடவே இல்லை. வடிகால் நிரம்பித் தெருவில் தண்ணீர். மருந்தகத்தில் மூன்று பாட்டில் வாங்கி வைத்தாயிற்று. டாக்டர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

பயமாக இருக்கிறது. வழுக்குவது பற்றி இல்லை. இந்தத் தடவையும் பாதியில் திரும்பிவிடுவேனோ என்று.

அக். 11, சனி

கை வலி. எழுத்து கோணல். ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலை ஆறு மணி, தூறல். இவர் குடையை வைத்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்தார். பள்ளிக்கு லீவுதானே, ஆடு பிடிக்க ஓர் ஆள் வேண்டாமா என்றார். இவருக்கு ஆடு என்றால் பயம். கல்யாணமான புதிதில் ஒரு கிடா முட்டியிருக்கிறது. அதை நினைவுபடுத்தவில்லை.

கடம்பூர் வரை நல்ல ரோடு, நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. அங்கே ஒரு டீ. கடைக்காரர், கிழக்கே போறதுன்னா ஓடையில தண்ணி வருது என்றார். ரோட்டை விட்டு இறங்கினோம். முதல் கியர். இவர் இறங்கிப் பின்னால் நடந்து வந்தார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. வண்டி பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போனது. நிற்கவில்லை. மட்கார்டு அடைக்கவில்லை. இரண்டு தடவை சாய்ந்தேன். இரண்டு தடவையும் கால் எட்டியது. மூன்று கி.மீ. கடக்க முக்கால் மணி நேரம்.

அப்புறம் ஓடை. தொடையளவு தண்ணீர், செம்மண்ணும் கரிசலும் கலந்து காப்பி நிறத்தில். வண்டி இதைத் தாண்டாது. எவ்வளவு மாற்றினாலும் தாண்டாது. போன வருடம் மொபெட் நின்ற அதே இடத்துக்குப் பக்கம்தான். இன்ஜினை நிறுத்தினேன்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பெட்டியைக் கூட்டிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "ஐஸ் எம்புட்டு நேரம் தாங்கும்?" மதியம் வரை தாங்கும் என்றேன். "பெறகென்ன. வா." தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். நான் இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

அக்கரையில் மாடத்தி நின்றிருந்தார், மழைக்குத் தலையில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு. வண்டிச் சத்தம் கேட்டு வந்தாராம். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. இவர் தலையிலிருந்த பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மருந்தைக் கலந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். சாக்கை நாலு கம்பில் கட்டி மறைப்பு. மாடத்தி ஒவ்வோர் ஆடாகப் பிடித்தார், அவர் புருஷன் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். இவர் முதல் பத்து ஆடு வரை கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். பிறகு எண்ணிக்கை சொல்ல ஆரம்பித்தார், கணக்கு வாத்தியாருக்குப் பயம் போக அதுதான் வழி. சினை ஆடுகளை மாடத்தி மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். அந்த ஆடுகளுக்கு மட்டும் ஊசி இறங்கும்போது அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. நூற்றெழுபத்திரண்டு. ஒன்றுகூட விடவில்லை.

முடிந்ததும் ஆட்டுப்பாலில் டீ. அப்போதுதான் சொன்னார்: "போன வருசம் நீங்க திரும்பிப் போனத நானும் பாத்தேன். இந்தக் கரையிலதான் நின்னேன்."

எனக்குத் தெரியாது. ஒரு வருடமாகத் தெரியாது. மன்னிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் எழுந்து ஆட்டுக்குப் போய்விட்டார்.

கிளம்பும்போது சொன்னவை: மூன்று வாரத்துக்கு வேறு கிடையோடு சேர்க்கக் கூடாது. சந்தையிலிருந்து புது ஆடு கூடாது. வேறு ஆடு குடித்த தண்ணீரில் விடக் கூடாது. தலையாட்டிக்கொண்டார்.

அக். 24, வெள்ளி

தீபாவளிக்கு மூன்று நாள். டாக்டர் வேலைப் பங்கீட்டுத் தாளைச் சுற்றுக்கு விட்டார். கிடைகள் என்ற வரிக்கு எதிரே என் பெயர். அவர் கையெழுத்தில், அடித்தல் இல்லாமல். அந்த இன்னொரு ஆய்வாளர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். மட்கார்டு எங்கே செய்தது என்று மெதுவாகக் கேட்டார். பட்டறைக்கு வழி சொன்னேன்.

அக். 29, புதன்

சந்தோஷம் ஐந்து நாள்தான். மாடத்தி கிடைக்குத் தெற்கே ஒரு மைலில் கருப்பசாமி என்பவர் கிடை. தீபாவளிச் சந்தையில் விற்றது போகத் திரும்பிவந்த ஆடுகளோடு நோயும் வந்திருக்கிறது. வாய்ப்புண், மூக்கில் சளி, கழிச்சல். வெக்கைதான். அவருக்கு நான் இன்னும் போகவில்லை. வரிசையில் அடுத்து இருந்தார்.

டாக்டரும் நானும் போனோம். அவர் ஜீப் ரோட்டிலேயே நின்றது. என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். நோய் விழுந்த ஆடுகளுக்கு எங்களால் முடிந்ததைச் செய்தோம். எல்லாம் பிழைக்காது.

மாடத்தி கிடைக்கு இன்று போகவில்லை. நோய்க் கிடையில் நின்ற காலோடு அங்கே போகக் கூடாது.

நவ. 2, ஞாயிறு

தூறல். செல்போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். மாடத்தி கடம்பூர் டீக்கடை போனிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார், ஓர் ஆடு முகத்தைத் தொங்கப்போட்டாலும். கூப்பிடவில்லை. அது நல்ல செய்தியா, ஓடையில் தண்ணீரா?

ஐஸ் சரியாக இருந்ததா? கலக்கிய நேரம் சரிதானா? இவர் எண்ணியது சரி. அதில் சந்தேகம் இல்லை.

வண்டியைக் கழுவினேன். இரண்டு தடவை. செயினுக்கு எண்ணெய். எதிர்வீட்டு அக்கா வந்து பக்கத்தில் நின்றார். மகளுக்கு ஸ்கூட்டி வாங்கலாமா என்று கேட்டார். கால் எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள் என்றேன்.

நவ. 9, ஞாயிறு

விடிந்தபோது வானம் வெளிவாங்கியிருந்தது. சோப்புத் தண்ணீரில் செருப்பு, கை, டயர் எல்லாம் கழுவிக்கொண்டு கிளம்பினேன். இன்று வருவதாக நேற்றே கடம்பூர் டீக்கடையில் சொல்லிவிட்டிருந்தேன். மண் பாதி காய்ந்து பதமாக இருந்தது. ஓடையில் கணுக்கால் தண்ணீர். இந்த முறை வண்டியும் தாண்டியது.

அக்கரையில் மாடத்தி. அவரோடு நான்கு ஆம்பிளைகள், கம்பும் துண்டுமாக. இறங்கி முதலில் கிடையைத்தான் பார்த்தேன். ஆடுகள் நின்றன. மேய்ந்தன. மூக்கு உலர்ந்து சுத்தமாக. ஒன்றைப் பிடித்து வாயைத் திறந்தேன், இன்னொன்று, இன்னொன்று. புண் இல்லை. இருபது ஆடு பார்த்த பிறகுதான் மாடத்தி, போதும், நான் தினமும் எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்றார். ஏழு ஈன்றிருக்கின்றன. கலைந்தது ஒன்றும் இல்லை.

அந்த நால்வர்? மாடத்தி ஆள் விட்டு வரவழைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் கிடை போட்டிருப்பவர்கள், நான்கு திசையிலிருந்து. ஆடுகளையும் ஓட்டி வந்துவிட்டார்களோ என்று பயந்து பார்த்தேன். ஆடு இல்லை.

"சேக்கக் கூடாதுன்னு சொன்னியள்ல. அதான் ஆள மட்டும் வரச் சொன்னேன். ஒவ்வொருத்தரும் அவிய கெடைக்கு வழி சொல்லுவாவ, எழுதிக்கிடுங்க."

மண்ணில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். ஒருவர் குளத்துக்கரை என்றார், ஒருவர் பனைக்கூட்டத்துக்கு மேற்கே என்றார். யாருக்கு முதலில் என்று அவர்களுக்குள் சச்சரவு. கருப்பசாமி கிடைக்குப் பக்கம் எது என்று கேட்டு, நோய் வெளியே பரவாமலிருக்க, தள்ளி இருப்பதில் தொடங்கி உள்ளே வருவது என்று நான் முடிவு செய்தேன். மாடத்தி என் நோட்டை எட்டிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. ஆனாலும் நான்கு வரி இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணினார்.

நாளை: பனைக்கூட்டம், 140 உருப்படி. பாட்டில் இரண்டு. ஐஸ் ஃபிரிட்ஜில். வானிலைச் செய்தியில் மழை என்கிறார்கள். 4.30க்கு அலாரம்.